நிலத்தடிச் சுரங்கத்தில் காற்றோட்டச் சோதனை: ஒரு முழுச் சுற்றைச் செய்யும் முறை

சுரங்கக் காற்றோட்ட வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கணக்கில் தடுமாறுவதில்லை. பெருக்கலும் வகுத்தலும் எல்லோருக்கும் தெரியும். தடுமாற்றம் வரிசையில்தான் வருகிறது: எதை முதலில் பார்ப்பது, எங்கே நின்று அளப்பது, எந்த நிலையில் மேற்கொண்டு போகாமல் திரும்பிவிடுவது.

கைக்கருவிகளை வைத்துக்கொண்டு ஒரு ஷிப்டில் முடிக்கக்கூடிய ஒரு முழுச் சுற்றை இங்கே விவரிக்கிறேன். நிலக்கரிச் சுரங்கமோ உலோகச் சுரங்கமோ, வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். வாயுக்களின் அனுமதி வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் சுரங்கத்துக்கு உரிய வரம்புகளை ஒரு சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயுவின் முன்னால் நிற்கும்போது நினைவாற்றலை நம்பக் கூடாது.

எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே விதி இருக்கிறது: காற்று போகும் திசையிலேயே நடங்கள். இன்டேக்கில் (நல்ல காற்று உள்ளே வரும் பாதை) தொடங்கி, வெட்டுமுகங்களை (வெட்டு நடக்கும் பாதை முனைகள்) பார்த்து, ரிட்டர்ன் (பயன்பட்ட காற்று வெளியே போகும் பாதை) வழியாக வெளியே வாருங்கள். அப்படிப் போனால் ஒவ்வோர் இடமும் காற்றில் எதைச் சேர்த்தது என்பது வரிசையாகத் தெரியும். ஏதாவது தவறாக இருந்தால் நல்ல காற்று உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும். எதிர்த்திசையில் போகிறவர் எல்லாம் கலந்த காற்றுக்குள் முதலில் நுழைகிறார். எது எங்கிருந்து வந்தது என்பதும் அவருக்குத் தெரியாது.

1. இறங்குவதற்கு முன்

முதலில் விசிறி அறைக்குப் போய் முதன்மை விசிறியின் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், அல்லது விட்டே விடுகிறார்கள். இறங்கும் முன்பே சுரங்கத்தின் நிலையைச் சொல்லும் எண் இது. அழுத்தம் ஏறி காற்றளவு (வினாடிக்கு ஓடும் காற்றின் கன அளவு) குறைந்திருந்தால் எங்கோ பாதை அடைபட்டிருக்கிறது: கூரைச் சரிவு, தேங்கிய நீர், பாதையில் குவித்த பொருள். அழுத்தம் இறங்கி காற்றளவு கூடியிருந்தால் எங்கோ ஒரு கதவு திறந்தோ சுவர் உடைந்தோ காற்று குறுக்குவழியில் ஓடுகிறது. இரண்டாவது நிலைதான் ஏமாற்றும். விசிறியிடம் காற்று அதிகமாகத் தெரியும்; வெட்டுமுகத்தில் இருப்பவருக்கோ குறைந்திருக்கும்.

அடுத்து பாரோமீட்டர். வெளி அழுத்தம் இறங்கும்போது, வெட்டி முடித்துக் கைவிட்ட வெற்றிடங்களிலும் அடைப்புச் சுவர்களுக்குப் பின்னாலும் தங்கிய வாயு விரிந்து வெளியே கசியும். வேகமாக இறங்கும் நாளில் அந்த இடங்களைப் பட்டியலில் முதலில் வையுங்கள்.

வாயுமானியைச் சுத்தமான காற்றில், வண்டிப் புகை இல்லாத திறந்த வெளியில் வைத்துப் பூஜ்யம் செய்யுங்கள். கீழே இறங்கிய பிறகு பூஜ்யம் செய்தால், அங்கே இருக்கும் வாயுவையே கருவி பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பின்னர் அது காட்டும் எல்லா எண்களும் அந்த அளவுக்குக் குறைவாக இருக்கும். அதன் பிறகு, அளவு தெரிந்த சோதனை வாயுவைச் செலுத்தி, முள்ளும் எச்சரிக்கை ஒலியும் எழுகின்றனவா என்று பாருங்கள். திரையில் பூஜ்யம் தெரிவதால் கருவி உயிரோடு இருக்கிறது என்று ஆகிவிடாது. செத்துப்போன சென்சாரும் பூஜ்யத்தைத்தான் காட்டும். மீத்தேனை அளக்கும் வினையூக்கிச் சென்சாரைச் சிலிகோன் கலந்த மசகும் மெருகுப் பொருளும் கெடுத்துவிடும். ஆகவே அவற்றைக் கருவிக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள்.

மற்றவை: காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரும் அதன் திருத்த அட்டவணையும், புகைக்குழல், நிறுத்துக் கடிகாரம், அளவுநாடா, சுழற்றும் ஈரப்பதமானி, சுண்ணக்கட்டி. இடுப்பில் தற்காப்புச் சுவாசக் கருவி. அது வடிகட்டி வகையா, ஆக்சிஜன் தரும் வகையா என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள். வடிகட்டி வகை கார்பன் மோனாக்சைடை மட்டுமே தடுக்கும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அதை அணிந்து பயனில்லை.

சென்ற சுற்றின் எண்களைக் குறிப்பேட்டில் ஒரு பத்தியாக எழுதி, பக்கத்துப் பத்தியைக் காலியாக விடுங்கள். வித்தியாசமான எண் வந்தால் அங்கேயே நின்று மறுபடி அளக்கலாம். மேலே அலுவலகத்தில் உட்கார்ந்து சந்தேகப்பட்டால், சரிபார்க்க மீண்டும் இறங்க வேண்டும்.

2. அளக்கும் இடத்தைத் தேர்வது

பாதை நேராக ஓடும் இடம் வேண்டும். வளைவு, சந்திப்பு, நின்றிருக்கும் வண்டி, கதவு ஆகியவற்றுக்கு அருகில் காற்று சுழலும். ஒரே குறுக்குவெட்டில் ஒரு பக்கம் முன்னோக்கியும் மறுபக்கம் பின்னோக்கியும் கூடப் போகும். தேர்ந்த இடத்தில் சுவரில் சுண்ணக்கோடு போட்டு எண் கொடுங்கள். அடுத்த முறை வேறொருவர் வந்தாலும் அதே கோட்டில் நின்றுதான் அளக்க வேண்டும்.

பரப்பை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக அளக்கச் சொல்வேன். பழைய பரப்பை வரைபடத்திலிருந்து எடுத்துப் போடுவது எல்லோருக்கும் பிடித்த குறுக்குவழி. ஆனால் தரை மேலெழும், பக்கச் சுவர் உதிரும், புதிதாக ஒரு கன்வேயர் வந்து உட்காரும். பரப்பில் 10 சதவீதம் பிழை இருந்தால், வேகத்தை எவ்வளவு கவனமாக அளந்தாலும் காற்றளவில் அதே 10 சதவீதம் பிழை வந்தே தீரும்.

3. காற்றின் வேகத்தை அளப்பது

அனிமோமீட்டரைப் பாதையின் நடுவில் பிடித்து ஒரே எண்ணை எடுப்பது முதல் வாரத்தில் எல்லோரும் செய்யும் தவறு. நடுவில் காற்று வேகமாகவும் சுவரோரம் மெதுவாகவும் போகிறது. நடு எண்ணைப் பரப்பால் பெருக்கினால், இல்லாத காற்று தாளில் பிறக்கும். குறுக்குவெட்டு முழுவதும், சுவரோரம் முதல் சுவரோரம் வரை, கூரையிலிருந்து தரை வரை, கருவியை ஒரே சீரான வேகத்தில் ஏற்றி இறக்கி ஒரு நிமிடம் நகர்த்த வேண்டும்.

உங்கள் உடம்பும் ஒரு தடைதான். நீளமான கோலில் கருவியைப் பொருத்தி, கருவிக்குக் காற்றின் கீழ்ப்பக்கத்தில் ஒதுங்கி நில்லுங்கள். கோல் இல்லாமல் அதே குறுக்குவெட்டில் நின்று கையை நீட்டி அளந்தால், பரப்பிலிருந்து உடம்புக்காகச் சுமார் 0.4 சதுர மீட்டரைக் கழியுங்கள்.

மூன்று முறை அளவெடுங்கள். மூன்றும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போகாவிட்டால் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். ஒத்துப்போகாத மூன்றின் சராசரியை எழுதுவதால் எதுவும் சரியாகிவிடாது.

ஓர் எடுத்துக்காட்டு. அகலம் 4.8 மீட்டர், உயரம் 3 மீட்டர், பரப்பு 14.4 சதுர மீட்டர். உடம்புக்குக் கழித்தால் 14. மூன்று அளவுகள் 1.62, 1.58, 1.65, சராசரி 1.62 மீட்டர்/வினாடி. திருத்த அட்டவணை 0.05 கூட்டச் சொல்கிறது, ஆக 1.67. காற்றளவு 14 × 1.67, அதாவது வினாடிக்கு 23.4 கன மீட்டர். உடம்பையும் திருத்தத்தையும் மறந்திருந்தால் 23.3 வந்திருக்கும். இங்கே இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. இன்னொரு பாதையில் இரண்டும் ஒரே பக்கம் சாயும்.

வேகம் வினாடிக்கு 0.3 மீட்டர் அளவுக்கு இறங்கினால் அனிமோமீட்டரின் இறக்கை நம்பும்படி சுழலாது. அங்கே புகைக்குழல்தான் கருவி. அளந்த தூரத்தைப் புகை கடக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். நடுவில் விட்ட புகை சராசரியைவிட வேகமாகப் போகும் என்பதால், கிடைத்த வேகத்தை 0.8 ஆல் பெருக்குங்கள். அந்தப் புகை தொண்டையை எரிக்கும். உங்களிடமிருந்து விலகிப் போகும் பக்கத்தில் விடுங்கள்.

4. வாயுவைச் சோதிக்கும் வரிசை

முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியக்கூடிய வாயு, பிறகு நச்சு வாயுக்கள். ஆக்சிஜன் உங்கள் உயிருக்கு உடனடியாக வேண்டியது என்பது ஒரு காரணம். வினையூக்கிச் சென்சார் மீத்தேனை எரித்துத்தான் அளக்கிறது என்பது இரண்டாவது காரணம். ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அதற்கு எரிக்க வழி இல்லை. மீத்தேன் நிறைந்த இடத்திலும் குறைவான எண்ணையே காட்டும்.

ஆக்சிஜன் எண்ணைப் படிக்கும் முறையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். கருவி 19.9 காட்டினால், "ஒரு சதவீதம்தானே, 19.5-க்கு மேல் இருக்கிறதே, ஒலி எழவில்லையே" என்று கடந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆக்சிஜன் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான். வேறொரு வாயு உள்ளே புகுந்து ஆக்சிஜனை ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது என்றால், அந்த வாயு அங்கே ஏறக்குறைய 5 சதவீதம் இருக்கிறது. அது மீத்தேனாக இருந்தால், வெடிக்கும் எல்லையின் வாசலில் நிற்கிறீர்கள். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை வெடிக்கும். மீத்தேன் சென்சார் அமைதியாக இருக்க ஆக்சிஜன் மட்டும் குறைந்திருந்தால், கார்பன் டைஆக்சைடும் நைட்ரஜனும் சேர்ந்த மூச்சடைக்கும் காற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது திரும்புவது. காரணத்தைப் பின்னால் தேடலாம்.

அடுத்தது உயரம். மீத்தேன் காற்றைவிட லேசானது, அதன் ஒப்பு அடர்த்தி 0.55, எனவே கூரையோரம் தேடுங்கள். கார்பன் டைஆக்சைடு 1.53, தரையோரமும் சரிவின் அடியும் அதன் இடம். கார்பன் மோனாக்சைடு 0.97, காற்றோடு கலந்து எங்கும் இருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு 1.19, அது நீரில் கரைந்து தங்கும். தேங்கிய நீரைக் கலக்கினாலோ பம்ப் போட்டு இறைத்தாலோ திடீரென எழும்.

ஒருமுறை என்னோடு வந்த இளைஞர் ஒரு பாதை முழுவதும் கருவியை மார்புயரத்தில் மாட்டியபடி நடந்து, "மீத்தேன் இல்லை" என்று எழுதினார். அதே பாதையில் நீட்டுக்குழாயைக் கூரையை ஒட்டிப் பிடித்தபோது எச்சரிக்கை ஒலி எழுந்தது. காற்று வினாடிக்கு அரை மீட்டருக்கும் குறைவாக ஊர்ந்த இடம் அது. அத்தகைய இடங்களில் மீத்தேன் கலக்காமல் கூரையடியில் மெல்லிய படலமாகப் படுத்திருக்கும். கூரை பெயர்ந்து விழுந்த குழிவுகளிலும் அப்படியே. குழிவுக்குள் தலையை நுழைக்காதீர்கள்; குழாயை மட்டும் நீட்டுங்கள்.

மூக்கை நம்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை வாடை மிகக் குறைந்த அளவிலேயே தெரியும். 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை நெருங்கும்போது மோப்ப நரம்பு மரத்துப்போகிறது. வாடை நின்றுவிட்டது என்பதை ஆபத்து நீங்கியது என்று புரிந்துகொண்டால் உயிர் போகும்.

5. வெட்டுமுகமும் துணை விசிறியும்

ஒரு பக்கம் மூடிய சுரங்கப்பாதைக்குள் காற்று தானாகப் போகாது. துணை விசிறியும் குழாயும்தான் கொண்டு போகின்றன. என் அனுபவத்தில் சோதனைச் சுற்றில் அதிகக் குறைகள் அகப்படும் இடம் இதுவே.

உள்ளே நுழையும் முன் விசிறி நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஊதும் விசிறி, அந்தப் பாதையின் வாய்க்கு இன்டேக் பக்கமாக, குறைந்தது 5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அருகே இருந்தால் உள்ளிருந்து வரும் அழுக்குக் காற்றையே இழுத்து மறுபடி உள்ளே ஊதும். தூரம் மட்டும் போதாது. பாதையில் வினாடிக்கு 7 கன மீட்டர் காற்று வரும் இடத்தில் 8 கன மீட்டர் இழுக்கும் விசிறியை வைத்தால், அந்த மீதி 1 கன மீட்டர் உள்ளிருந்துதான் சுழன்று வரும். பெரிய விசிறி போட்டால் நல்லது என்ற எண்ணம் இங்கே நேர்மாறாக வேலை செய்கிறது. விசிறிக்கும் பாதையின் வாய்க்கும் நடுவில் புகை விட்டுப் பாருங்கள். புகை விசிறியை நோக்கித் திரும்பினால் சுழற்சி இருக்கிறது.

குழாயின் காற்றளவை விசிறிப் பக்கத்தில் அளந்து எழுதாதீர்கள். மூட்டுகளிலும் கிழிசல்களிலும் போனது போக, வெட்டுமுகத்துப் பக்கத்து முனையில் வருவதுதான் தொழிலாளிக்குக் கிடைக்கும் காற்று. இரண்டு முனைகளிலும் அளந்து வித்தியாசத்தை எழுதினால், குழாய்க்குத் தையல் வேண்டுமா என்பது அன்றே தெரிந்துவிடும்.

குழாய் முனை வெட்டுமுகத்துக்கு எவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்பது, விசிறி ஊதுகிறதா உறிஞ்சுகிறதா என்பதைப் பொறுத்தது. ஊதும் காற்று தாரையாகப் பாய்ந்து, குழாய் விட்டத்தைப்போல் 30 மடங்கு தூரத்திலும் தன் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை வைத்திருக்கும். உறிஞ்சும் குழாயின் முன்னால் ஒரே ஒரு விட்டத் தூரத்திலேயே வேகம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எனவே உறிஞ்சும் குழாய் சில மீட்டர் பின்தங்கினாலும் வெட்டுமுகத்தில் காற்று நின்றுபோகும். வெட்டுமுகம் முன்னேற முன்னேறக் குழாயை நீட்ட யாருக்குப் பொறுப்பு என்று ஷிப்ட் தொடங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நின்றுபோன துணை விசிறியைக் கண்டால், பொத்தானை அழுத்திவிட்டுப் போகாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்திருக்கும். முழு வேகத்தில் ஊதினால் அந்தத் திரள் ஒரேயடியாக வெளியே வந்து, மின்கருவிகளும் மனிதர்களும் இருக்கும் பாதையில் விழும். உள்ளே மின்சாரத்தைத் துண்டித்து, வாயில் வேலியிட்டு, விசிறி இருக்கும் இடத்தில் வாயுவைச் சோதித்து, பொறுப்பாளருக்குத் தெரிவியுங்கள். பின்னர் விசிறிக்கு அருகே ஒரு மூட்டைத் தளர்த்தி, காற்றில் ஒரு பகுதியை மட்டும் உள்ளே அனுப்பி, வெளியே கலக்கும் காற்று வரம்புக்குள் இருக்கும்படி சிறிது சிறிதாக வெளியேற்ற வேண்டும். அவசரம் கூடாத வேலை அது.

6. வெடிப்புகை, டீசல், தூசி

வெடி வைத்த பின் குறித்த காத்திருப்பு நேரம் முடிந்தாலும் கருவி சொன்ன பிறகுதான் நுழைய வேண்டும். கற்குவியலுக்குள் சிக்கிய வாயு, அள்ளும்போது வெளியே வரும். முதலில் நீர் தெளித்து, அள்ளத் தொடங்கிய பின்னும் ஒருமுறை சோதியுங்கள். நைட்ரஜன் டைஆக்சைடை மூச்சில் வாங்கியவருக்கு நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் நேரலாம். "இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று அவர் சொன்னாலும் மருத்துவக் கண்காணிப்புக்கு அனுப்புங்கள்.

டீசல் எந்திரத்துக்கு, கிலோவாட்டுக்கு வினாடிக்கு 0.05 முதல் 0.06 கன மீட்டர் காற்று என்பது பல இடங்களில் வழங்கும் கணக்கு. 200 கிலோவாட் எந்திரத்துக்கு 0.06 வீதம் 12 கன மீட்டர். ஒரே பாதையில் இரண்டு எந்திரங்கள் ஓடினால் இரண்டையும் கூட்டுங்கள். வாயுமானி புகைத்துகளைக் காட்டாது; அதற்குத் தனி மாதிரி எடுக்க வேண்டும்.

தூசிக்கும் அதே நிலைதான். நுரையீரலின் அடிவரை போகும் துகள் கண்ணுக்குத் தெரியாது. மாதிரி எடுக்கும் கருவியைத் தொழிலாளியின் மூக்குக்கு அருகே, சட்டைக் காலரில் மாட்டுங்கள். தூசியை விரட்டக் காற்றைக் கண்டபடி கூட்டாதீர்கள். வினாடிக்கு 4 மீட்டரைத் தாண்டினால் படிந்த தூசியே எழும்பிவிடும். முதலில் நீர், பிறகு காற்று.

7. வெப்பம்

ஈரப்பதமானியின் திரியைக் காய்ச்சிவடித்த நீரில் நனைத்து, ஒரு நிமிடம் சீராகச் சுழற்றி, நின்றவுடன் ஈரக் குமிழை (ஈரத் திரி சுற்றிய வெப்பமானியை) முதலில் படியுங்கள். சுழற்சி நின்ற கணத்திலிருந்து அது ஏறத் தொடங்கும். ஆழமான சுரங்கத்தில் காற்று இறங்கும்போதே தன் எடையால் அழுந்திச் சூடாகிறது. உலர்ந்த காற்றுக்கு 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி. கீழே காணும் வெப்பம் முழுவதும் எந்திரத்தால் வந்தது என்று எழுதும் முன் இதைக் கழியுங்கள்.

8. ரிட்டர்னில் படிக்க வேண்டியது

இங்கே வாயுச் சதவீதத்தை மட்டும் எழுதினால் பாதி வேலைதான். காற்றளவையும் அதே நேரத்தில் அளந்து இரண்டையும் பெருக்குங்கள். வினாடிக்கு 20 கன மீட்டர் காற்றில் 0.4 சதவீத மீத்தேன் என்றால், சுரங்கம் வினாடிக்கு 0.08 கன மீட்டர் மீத்தேனை விடுகிறது. அடுத்த வாரம் சதவீதம் 0.5 ஆகிக் காற்று 16 ஆகக் குறைந்திருந்தால், வெளிவரும் வாயு அதே 0.08 தான். வாயு கூடவில்லை, காற்று குறைந்திருக்கிறது. பெருக்காதவர் வாயுவைத் தேடி அலைவார். பெருக்கியவர் திறந்து கிடக்கும் கதவைத் தேடிப் போவார்.

நிலக்கரிச் சுரங்கத்தில், தானே சூடேறும் நிலக்கரியை அறிய கிரஹாம் விகிதம் (குறைந்த ஆக்சிஜனோடு ஒப்பிட்டால் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்ற கணக்கு) உதவும். மாதிரியில் நைட்ரஜன் 79.4, ஆக்சிஜன் 20.3, கார்பன் மோனாக்சைடு 0.005 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 0.265 × 79.4 இலிருந்து 20.3 ஐக் கழித்தால் ஆக்சிஜன் பற்றாக்குறை 0.74. கார்பன் மோனாக்சைடை 100 ஆல் பெருக்கி 0.74 ஆல் வகுத்தால் 0.68. வழக்கமாக 0.4 அளவில் இருப்பது 0.5 ஐத் தாண்டினால் அடிக்கடி மாதிரி எடுக்க வேண்டும். 1 ஐத் தொட்டால் சூடேறுகிறது என்று ஏறக்குறைய உறுதி. டீசல் புகையோ வெடிப்புகையோ கலந்த மாதிரியும், பற்றாக்குறை 0.3 க்குக் குறைந்த மாதிரியும் இந்தக் கணக்குக்கு உதவாது.

9. கசிவைக் கணக்கிட்டுத் திருத்துவது

சந்திப்பு ஒவ்வொன்றிலும் உள்ளே வந்த காற்றும் வெளியே போன காற்றும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்டேக்கில் 60 கன மீட்டர் இறங்கி, வெட்டுமுகங்களை 33 மட்டுமே எட்டினால், 27 வழியில் தொலைகிறது. இந்த நிலையில் விசிறியை வேகப்படுத்துங்கள் என்று பரிந்துரை எழுதுவது பெரிய தவறு. காற்றை 20 சதவீதம் கூட்ட அழுத்தம் 1.44 மடங்கும் மின்சக்தி 1.73 மடங்கும் ஆகும். அழுத்தம் கூடினால் ஓட்டை வழியே போவதும் கூடும்.

திருத்தும் வரிசை இது. முதலில் கதவுகளும் அடைப்புச் சுவர்களும். இரட்டைக் கதவுகளுக்கு நடுவில் இருக்கும் தூரம், கடந்து போகும் வண்டியின் நீளத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்துதான் ஆகும், காவலாளியைக் கடிந்து பயனில்லை. அடுத்து பாதையில் கிடக்கும் தடைகள்; பரப்பு குறுகினால் தடை அதன் மும்மடிக்கு நேர்மாறாக ஏறுகிறது. அதன் பிறகு ரெகுலேட்டர்கள் (கிளைப் பாதையில் காற்றை நெருக்கிக் குறைக்கும் திறப்புகள்). ஒரு கிளையை நெருக்கினால் மற்றொன்றுக்குக் காற்று கூடும், ஆனால் மொத்தக் காற்று சற்றுக் குறையும். ஆகவே எல்லாக் கிளைகளையும் மறுபடி அளக்க வேண்டும். விசிறி கடைசி.

10. முதன்மை விசிறி நின்றால்

சுற்றின் நடுவில் காற்று ஓய்ந்ததை உணர்ந்தால் சோதனை அங்கேயே முடிந்தது. எல்லோரும் இன்டேக் வழியாக வெளியேற வேண்டும். உள்ளே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். விசிறி மீண்டும் ஓடியதும் சேர்ந்த வாயு ரிட்டர்ன் வழியாகத் திரளாக வெளிவரும். அது வெளியேறித் தீர்ந்த பிறகு, இன்டேக்கிலிருந்து மறுபடி படி 1 முதல் தொடங்கி, சோதித்த இடத்துக்கு மட்டும் ஆட்களை அனுப்புங்கள்.

11. பதிவேடு

நேரம், பாரோமீட்டர், விசிறி அழுத்தம், இடத்தின் எண், அளந்த பரப்பு, கருவி காட்டிய மூல எண், திருத்திய எண் ஆகிய எல்லாவற்றையும் எழுதுங்கள். மூல எண்ணை விட்டுவிட்டால், பிறகு திருத்தத்தில் தவறு கண்டாலும் சரிசெய்ய வழியில்லை. நீங்கள் பார்க்காத இடத்துக்கு எதிரே "பார்க்கவில்லை" என்றே எழுதுங்கள். சென்ற வார எண்ணை நிரப்பாதீர்கள். அந்தப் பக்கத்தை நம்பி அடுத்த ஷிப்டில் ஒருவர் அங்கே போவார்.

வரம்பை மீறிய எண்ணுக்குப் பக்கத்தில், யாரிடம் எந்த நேரத்தில் சொன்னீர்கள் என்பது இருக்க வேண்டும். குறையைச் சரிசெய்துவிட்டதாகச் செய்தி வந்தால், அதே சுண்ணக்கோட்டில் அதே முறையில் மறுபடி அளந்து, புதிய எண்ணைக் கீழே எழுதிய பிறகே அந்தப் பதிவை முடியுங்கள்.